டீ கிளாஸுக்குள் ஒரு பூச்சி

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஆடு மேய்க்கிறார். பாலைவனத்தில் ஒரு தகரக் கொட்டகை. அக்கம்பக்கம் ஆள் கிடையாது. முதலாளி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் கொண்டு வருவார்.

அன்றைக்குக் காலையில் சித்தூரிலிருந்து திருப்பதி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காணிப்பாக்கம் கூட்ரோடு தாண்டியதும் வீடியோ கால் வந்தது.

"படுக்கையில இன்னாவோ கடிச்சிடுச்சிமே. கால் கடுக்குது. ஆளப் புடிச்சிட்டேன், பாரு."

டீ கிளாஸைக் கவிழ்த்து ஒரு பூச்சியை அடைத்திருந்தார். மண் நிறம். குட்டை இறக்கை. கல் மாதிரிக் கிடந்தது.

விஷமென்றால் முதலாளியைக் கூப்பிட வேண்டும். சும்மா கூப்பிட்டால் அந்த ஆள் கத்துவார். ஒரு தடவை காய்ச்சலுக்குக் கூப்பிட்டே இவர் பேச்சு வாங்கியிருக்கிறார்.

பக்கத்து சீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்து, "தேலும்மா அதி" என்றது. தேளுக்கு வால் வேண்டாமா? இதற்கு இல்லை.

"கிளாஸை எடு மாமா. குச்சியால தொடு."

"ஓடிப்பூடும்மே."

"ஓடட்டும். தொடு."

தொட்டார். அது முன்னங்கால் ரெண்டையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. உடம்பு அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தது. கரும்புக் கொல்லையில் பார்த்த பார்வைதான். சின்ன வயசில் அதைப் பிடித்து, "திருப்பதி எந்தப் பக்கம்?" என்று கேட்போம். அது கால் நீட்டுகிற பக்கம் கும்பிடுவோம்.

"கும்பிடுபூச்சி மாமா. நம்மூர்ல பச்சை, அங்க மண்ணு கலரு. அவ்ளோதான்."

"அடச்சே! இதுக்கா பயந்தேன்? திருப்பதி எங்கடான்னு கேக்கட்டா?" சிரித்தார். தெலுங்கு அம்மாவும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் கடுக்கிற மாதிரிக் கும்பிடுபூச்சி கடிக்காது. அப்படியென்றால் கடித்தது வேறு. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"எங்க உக்காந்துகினு கீற?"

"படுக்கையிலதான்."

"எழுந்திரு. போர்வையை எடு. கையால வேணாம், கோலால."

போனைக் கீழே வைத்துவிட்டார். கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது. சத்தமே இல்லை. பிறகு கோலால் ஓர் அடி கேட்டது. இன்னோர் அடி.

"கறுப்புத் தேளுமே." குரல் மாறியிருந்தது.

"முதலாளியக் கூப்பிடு. இப்பவே. கத்துனா கத்தட்டும்."

திருப்பதியில் இறங்கினேன். வந்த வேலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் போட்டோ வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ஊசி. கூடவே குரல்: "கத்துனாருமே. ஆனா வண்டி ஓட்டிக்கினே கத்துனாரு."