பலூன் எழுத்து

கொழும்பு வெள்ளவத்தையில் புதிதாக ஒரு ஜூஸ் கடை திறந்தால் நான் முதலில் பார்ப்பது பெயர்ப்பலகையின் எழுத்தைத்தான். விளையாட்டாகக் கையால் வரைந்ததுபோல், வயிறு பருத்து, கால் நீண்டு, வரிசையில் நிற்காத எழுத்தென்றால் இன்றைக்கும் நடை ஒருமுறை நின்றுபோகும். ஓ.எல். சோதனை எழுதாமலே படிப்பை விட்டவள் நான். ஆனால் அந்த எழுத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

போன் பேசவும் கொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் மாமாவின் கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் அது இருந்தது. பிறந்தநாள் பேனர், ஐஸ் பாக்கெட் லேபல், கோயில் அன்னதானம், எல்லாவற்றுக்கும் அதையே போடுவார். "நேர் எழுத்துப் போட்டா பேங்க் கடிதம் மாதிரியெல்லே கிடக்கும்" என்பார். அவர் அடித்துத் தந்த தாளின் மேல் பென்சில் ஓட்டித்தான் நான் எழுதவே பழகினேன்.

அது சண்டைக் காலம். மாடிவீட்டு அக்காவின் கேக் ஐசிங் வகுப்புக்கு மாமா அடித்த நோட்டீஸை லைட் போஸ்டுகளில் ஒட்டியிருந்தார்கள். 'சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள்' என்பது பெரிதாக. கேக் விஷயம் அடியில் சின்னதாக. மறுநாள் கிழித்த நோட்டீஸோடு இரண்டு பொலிஸ்காரர் கடைக்குள் வந்தார்கள்.

என்ன கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறீர்கள், இதை எழுதியது யாரென்று மூத்தவர் சிங்களத்தில் கேட்டார்.

"மஹத்தயா, கொம்பியூட்டர் அகுரு" என்றார் மாமா. கணினி எழுத்தென்று சொன்னால் யார் நம்புவது? கையெழுத்துப் போலத்தானே இருந்தது. கடையில் நின்ற எல்லோரையும் மூத்தவர் எழுதிக் காட்டச் சொன்னார். மாமா எழுதினார், அம்மா எழுதினாள். என் முறை வந்தபோது கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். என் எழுத்து அச்சாக அதே எழுத்தல்லவா! என்னால் மாமாவைக் கொண்டுபோகப் போகிறார்களென்று நினைத்தேன்.

அதற்குள் மாமா பிரின்டரைப் போட்டார். அதே நோட்டீஸ் வந்தது. பின்னால் இன்னொன்று. மூத்தவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சுழிகூடப் பிசகவில்லை. முகம் இளகி, தன் மகளின் பெயரை அதே எழுத்தில் பலூன் போட்டு அடித்துத் தரச் சொன்னார். "லஸ்ஸனாய்", வடிவாயிருக்கென்று மெச்சி வாங்கிப் போனார்.

"மஹத்தயாவையும் ஐசிங் பழக வரச் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார், சத்தம் கேட்டு இறங்கி வந்த அக்கா. அம்மாகூடச் சிரித்தாள். மாமா மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல், கணினித் திரையிலிருந்த அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் என் பிறந்தநாள். பேனரில் பலூன் இருந்தது. என் பெயரோ நேர்நேராக, விறைத்து நின்றது.

"பேங்க் கடிதம் மாதிரிக் கிடக்கு மாமா."

"அந்த எழுத்து இப்ப இல்லைப் பிள்ளை."

"எங்க போனது?"

"கேக்கை வெட்டுங்கோ."

பொலிஸ்காரரின் மகளுக்கே அதைக் கொடுத்துவிட்டாரென்று நினைத்து, நெடுநாள் நான் மாமாவோடு கதைக்கவில்லை.