குளிர்கிடங்கில் ஒரு மத்தியானம்

எழுபது வயதுக்கு மேல் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு இமாச்சல மலைக்குப் போய், தை மாதத்தில் பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். என் மனைவி மறுக்கவில்லை. நிபந்தனைதான் வைத்தாள்.

"குளிர்ல ஒரு மத்தியானம் படுத்து எந்திரிச்சுக் காட்டுங்க. அப்புறம் போங்க."

அவளுக்கு இழுப்பு உண்டு. மார்கழிக் காற்றே ஆகாது என்பதால் கூட வர முடியாது.

மதுரையில் குளிருக்கு எங்கே போவது? அழகர்கோவில் அடிவாரத்தில்கூட விடியற்காலைக்கு ஒரு துண்டு போதும். அவள் தம்பி மாட்டுத்தாவணிப் பக்கம் பழக் குளிர்கிடங்கு நடத்துகிறான். பெட்டிகள் காலியான ஓர் அறையில் வேனையே ஏற்றி நிறுத்தச் சம்மதித்தான். "ஆப்பிளுக்குன்னா நான் கேரண்டி மச்சான். உங்களுக்கு அக்காகிட்ட கேட்டுக்கங்க."

வேனின் பின் இருக்கைகளை எடுத்துவிட்டுப் படுக்க இடம் செய்திருந்தேன். கூரை முழுக்க மூன்று அடுக்குத் தெர்மாகோல். கம்பளி நான்கு, குரங்குக் குல்லா இரண்டு, காலுறை ஒன்பது ஜோடி. எண்ணி வைத்ததை மறுநாளும் எண்ணினேன். ஒற்றைக் காலுறை குறைந்தது. அது ஒரு கம்பளி மடிப்பிலிருந்து விழும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாங்க முடியாவிட்டால் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்தால் பயணம் கிடையாது. இதுதான் பேச்சு.

கதவை மூடினார்கள். தலையும் மார்பும் சுகமாகத்தான் இருந்தன. நான்கு கம்பளிக்கு அடியில் லேசாக வியர்த்தது. பிறகு முதுகில் தொடங்கியது. வேனின் இரும்புத் தரையிலிருந்து கோரைப்பாய் வழியாக இடுப்புக்கு ஏறி, எலும்புக்குள் போயிற்று. புரண்டு படுத்தேன். எந்தப் பக்கம் கீழே போனதோ அந்தப் பக்கம் விறைத்தது. கடைசியில் முழங்காலில் தவழ்ந்து போய் ஹாரனை அழுத்தினேன்.

முதலில் உள்ளே வந்தது அவள்தான், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. வரக் கூடாதவள். என்னைப் பார்த்துவிட்டு, பாய்க்கு அடியில் கையை விட்டாள், சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

"மேல அம்புட்டுப் போட்டிருக்கீங்க. கீழ ஒரு பாய்தானா?"

இந்த ஊரில் எல்லாம் மேலிருந்துதான் வரும். கோடையில் மொட்டைமாடிச் சூடு இறங்கும். மார்கழியில் பனி தலையில் இறங்கும் என்று குல்லா போடுவோம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லிக் கோரைப்பாயைத் தேடி வாங்குவோம். அதே பாயை இமயமலைக்கு எடுத்துவைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளிகளைப் பீரோவில் வைத்துவிட்டேன். பேச்சு பேச்சுதான்.

மறுநாள் காலை எங்கள் கட்டிலில் மெத்தையைக் காணோம். தம்பியை வரச்சொல்லி, இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி வேனில் ஏற்றியிருந்தாள். தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. ஹாரன் அடித்தது கணக்கில் இல்லையா என்று கேட்டேன். பீரோவைத் திறந்து கம்பளிகளை எடுத்து என் கையில் அடுக்கினாள்.

அன்று மத்தியானம் மறுபடியும் குளிர்கிடங்கு. ஹாரன் அடிக்கவில்லை. நான் எழுந்ததே அவள் வேன் கதவைத் தட்டியபோதுதான்.

"எந்திரிங்க, இம்புட்டுக் குறட்டை விடுற ஆளுக்கு என்ன ஆகப்போகுது. போயிட்டு வாங்க."

வேறு மெத்தை வாங்கிக்கொள்கிறேன், இதை வீட்டில் வை என்று மன்றாடிப் பார்த்தேன். "எனக்கு எதுக்கு? இங்க தரையே வெதுவெதுன்னுதான இருக்கு" என்று கோரைப்பாயைக் கட்டிலில் விரித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து கிளம்புகிறேன். காலுறைகள் சரியாக இருக்கின்றன. மெத்தையை இரண்டாக மடித்தால்தான் வேனில் அடங்குகிறது. அவள் படுத்த பாதி கீழே இருக்கிறது, என் பாதி மேலே.