முகட்டுக்குக் கீழே ஒரு சாண்

“ஒரு ஆளு மூச்சு உடறதுக்கு எத்தன அடி காத்து வேணுமுங்க?”

மலைப்பாதையின் பாதியில் கடப்பாரையை ஊன்றி, அதன்மேல் சாய்ந்தபடி குப்புசாமிக் கொத்தனார் இப்படிக் கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல், மலையைப் பார்க்கவென்று அவர் பின்னால் ஏறியவன் நான். காற்றில் எந்த வாயு எத்தனை பங்கு என்று சொல்லத் தெரியும். ஆளுக்கு எத்தனை அடி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அவரும் பதிலுக்காக நிற்கவில்லை. நாலு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். அந்தப் புரட்டாசியில் அது அவருக்கு ஏழாவது ஏற்றம்.

குப்புசாமி அடிவாரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷம் சுண்ணாம்புத் தூளுக்குள் நின்றதில் நெஞ்சு கெட்டிருந்தது. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூன்றாவதற்கு இளைப்பு வந்துவிடும். அதனால் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தார்.

சுகாதார ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. இருமல் நோய் கண்ட வீடுகளில், தரை எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சன்னல் இருக்க வேண்டும். வெளிச்சுவரில், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாத வீடு ‘குடியிருக்கத் தகாதது’ என்று எழுதப்படும்; ஆட்களை வெளியேற்றிக் கூரையைப் பிரித்துவிடுவார்கள். மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டு வீடுகளுக்குச் சன்னலே கிடையாது. குனிந்து நுழைய ஒரு வாசல், உள்ளே அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண், அவ்வளவுதான். அந்தச் சுவர்களைத் திறக்க அமர்த்தப்பட்டவர் குப்புசாமி. ஊர்க்காரர்கள் அவருக்குக் ‘காத்து யாவாரி’ என்று பெயர் வைத்தார்கள். தனக்கே மூச்சு இல்லாதவர் ஊருக்கு விற்க வந்திருக்கிறார் என்று அந்த ஊர்ச் சின்னக்கண்ணு சொல்லிச் சிரிப்பான். குப்புசாமியும் சிரித்துவைப்பார்.

ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் பேசமாட்டார். குத்தவைத்து ஒரு பீடியைப் பற்றவைப்பார். வாய்க்குக் கொண்டுபோகமாட்டார். தரையை ஒட்டிப் பிடிப்பார், முழங்கால் உயரத்தில் பிடிப்பார், எழுந்து தலைக்கு மேல் பிடிப்பார். “குடிக்கறதுக்கில்லீங்க. பொகை எங்க போவுதுன்னு பாக்கறேன்” என்பார். பிறகு, இங்கே எத்தனை பேர் படுப்பது என்று கேட்பார். ஆட்களைச் சொல்லி முடித்ததும் ஆட்டுக்குட்டிகளையும் சேர்க்கச் சொல்வார். அதுவும் மூச்சு விடுகிறதல்லவா என்பது அவர் கட்சி.

அவருடைய அலுப்புக்குக் காரணம் ஏற்றம் மட்டுமல்ல. அவர் திறந்துவிட்டுப் போன சன்னல்களை மலைக்காரர்கள் அடைத்துவிடுவார்கள். சாக்கு, பழைய கம்பளி, வைக்கோல், ஒரு வீட்டில் உடைந்த முறம். அடுத்த தடவை வரும்போது ஒவ்வொன்றாக உருவி எடுத்து, மடித்து, வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பார். முதலில் திட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஏற்றத்திலிருந்து திட்டுவதையும் விட்டுவிட்டார்.

இந்த ஏழாவது ஏற்றத்தில், அந்த ஊர் மயிலம்மாள் வீட்டுச் சன்னலிலிருந்து சாக்கை உருவியபோதும் அவர் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

“ஏனுங்க, நீங்க வச்ச சன்னலு நல்லாத்தான் இருக்குது. அதுல காத்து பூந்து பொகையைப் பூராக் கீழ அமுக்குது. பரணுக்குப் பொகை ஏறாம வெதைச் சாமையெல்லாம் வண்டடிச்சுப்போச்சு. வெதை போனா அடுத்த வருசம் என்னத்தைத் திங்கறது? அதான் அடைச்சேன். அடைச்சா இவ இருமறா.”

மடியில் இருந்த இரண்டு வயதுப் பாப்பாத்தி, பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரிந்ததுபோல, அப்போதும் இருமினாள். போன தை மாதம் அவளுக்கு மூத்தவனை இதே இருமலுக்குத்தான் மயிலம்மாள் கொடுத்திருந்தாள்.

குப்புசாமி சாக்கை மடித்து அவளிடம் நீட்டினார். பிறகு வெளியே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கஞ்சி கொதித்து இறங்கும்வரை, கண்ணில் நீர் வழிய, அடுப்புப் புகை எழுவதையும் சன்னல் காற்று அதைத் திருப்பி அடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். புகை பரணுக்கு வேண்டும், பிள்ளைக்கு வேண்டாம். அவர் இடித்த சுவர்களில் ஒன்றுகூட இதை யோசித்து இடித்ததல்ல.

மறுநாள் காலையில் மூங்கில் ஏணியை வாங்கிச் சுவரில் சாத்தினார். ஒவ்வொரு படியிலும் நின்று இளைத்து ஏறினார். சுவர் முக்கோணமாக முடியும் இடத்தில், முகட்டுக்குக் கீழே, காற்று நேரே அடிக்காத பக்கமாக ஒரு சாண் அகலத்துக்குத் துளைத்தார். சன்னலுக்கு ஒரு பலகைக் கதவு செய்து மாட்டினார், காற்று வலுத்தால் சாத்திக்கொள்ள. அடுப்பு மூட்டச் சொன்னார். புகை நிமிர்ந்து எழுந்து, பரணில் இருந்த விதைக்கூடைகளுக்கு இடையில் புகுந்து, மேல் துவாரத்தைத் தேடிப் போனது. பாய் விரிக்கும் உயரத்தில் காற்று தெளிவாக இருந்தது. பீடியைத் தரையோடு பிடித்துப் பார்த்தார்.

“போவுது” என்றார்.

மூன்றாம் நாள், பாப்பாத்தி விழித்தெழாமல் விடியும்வரை தூங்கினாள் என்று மயிலம்மாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது, சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல. தன் வீட்டிலும் ஒன்று துளைத்துத் தர முடியுமா என்று பக்கத்து வீட்டிலிருந்து சின்னக்கண்ணு வந்து நின்றான். யாவாரி இப்போதுதான் தொழிலைக் கற்றிருக்கிறார் என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பாதம் கொப்புளித்து, நொண்டிக்கொண்டே வந்தார். வயதில் சிறியவர், ஆனாலும் களைத்த முகம். டேப்பை விரித்துத் தரையை அளந்தார், சன்னலை அளந்தார், தாளில் குறித்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டார்.

அது என்ன ஓட்டை என்றார். புகை போவதற்கு என்றார் கொத்தனார். ஆபீஸ் வரைபடத்தில் அப்படி ஒன்று கிடையாது; கூரைப் புல்லுக்கு இத்தனை அருகில் திறப்பு இருந்தால் பொறி பறந்து தீப்பிடிக்கும்; பிடித்தால் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். குப்புசாமி அன்றைக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்தவில்லை. காற்று, பரண், விதை, பிள்ளை என்று, நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு இளைத்து, எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கடைசிவரை கேட்டார். பிள்ளையையும் பார்த்தார்.

“எனக்குப் புரியுது கொத்தனாரே. என் தாள்ல இதுக்கு எடமில்லை. இதை அடைச்சாத்தான் கையெழுத்துப் போடுவேன். இல்லேன்னா இந்த வீட்டைத் தகாததுன்னு எழுதணும்.”

மயிலம்மாள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அவள் பார்த்தது இன்ஸ்பெக்டரை அல்ல, கொத்தனாரை.

குப்புசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். சுவர் அடைக்கும் மண் செம்மண்ணாக இருக்க வேண்டும், ஒரு நாளாவது ஊற வேண்டும், நறுக்கிய வைக்கோல் சேர்த்துக் குதிகாலில் ஒட்டும்வரை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைச் சாரலுக்கே உதிர்ந்து கீழே கிடக்கும். அவர் கொண்டுவந்து கொட்டியது ஓடை மணல் பாதி கலந்த மண். அதன்மேல் தண்ணீரைத் தெளித்து, கரண்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினார். ஐப்பசி மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. சின்னக்கண்ணு ஒன்றும் புரியாமல் ஓடிப்போய் ஒரு கை வைக்கோலை நறுக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். குப்புசாமி தலையைத் தூக்காமலே, அந்த வைக்கோலைக் காலால் அப்பால் தள்ளிவிட்டார். பிறகு சட்டியோடு ஏணியில் ஏறித் துவாரத்தை நிரப்பி, மேற்பூச்சை உள்ளங்கையால் நெடுநேரம் வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி அளவு குறித்து உத்தரவு போடும் இடத்தில் இருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எந்த வீடு என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.