கமராவுக்குள் நைதரசன்

ஏசி திருத்தும் வேலைக்கு வந்து முப்பது வருடமாகிறது. இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்காக, நான் ஒரு வேலையைக் கெடுத்த கதையை எழுதுகிறேன்.

பௌதிகவியல் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் பழைய பிலிம் கமராவோடு நல்லூரிலுள்ள என் கடைக்கு வந்தார். தொண்டைமானாற்றுக் கரையிலிருந்து வால்வெள்ளியைப் படமெடுக்க வேண்டும். நிமிடக்கணக்காக லென்சைத் திறந்து வைக்கும்போது, அந்தக் கரையின் ஈரக்காற்றில் பிலிம் நெளிந்துவிடும், வெளிச்சத்தையும் சரியாகப் பிடிக்காது. ஈரமில்லாத நைதரசனை உள்ளே ஓடவிட்டால் தப்பலாம் என்றார். நைதரசன் எங்களுக்கு அன்றாடச் சாமான். பைப்பில் லீக் பார்ப்பதே அதை அடித்துத்தான்.

"உது சின்ன வேலை ரீச்சர்" என்றேன். வாய்க்கொழுப்பு.

பின்மூடியில் துளையிட்டுக் கறுப்பு ரியூப் பொருத்தினேன். ஒரு இடுக்கு விடாமல் சுற்றிவர ரேப் ஒட்டினேன். "எங்கையும் லீக் இல்லை, பயப்பிடாதேங்கோ" என்று சின்னச் சிலிண்டரும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை, கழுவிய நெகட்டிவோடு வந்து நின்றார். நட்சத்திரமெல்லாம் ஊறிப்போன அவல் போலக் கிடந்தன.

"அண்ணை, இனி ஒரு பிலிம்தான் கிடக்கு. நாளையிலை இருந்து நிலவு, வால்வெள்ளி தெரியாது. பிள்ளையளுக்குக் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

வெட்கமாகப் போய்விட்டது. "என்ரை பிழைதான் ரீச்சர். உதை முடிச்சுப்போட்டுத்தான் எனக்குச் சாப்பாடு."

கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உள்ளுக்குப் போற காஸ் எங்காலை அண்ணை வெளியிலை வரும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போக வழியில்லாமல் ஈரக்காற்று உள்ளேயே நின்றிருக்கிறது. காஸ் பிலிமை ஊதித் தள்ளியிருக்கிறது. பைப்பைச் சூடாக்கி ஒட்டும்போது மறுமுனையைத் திறந்து வைத்துத்தான் நைதரசன் விடுகிறவன் நான். ரேப்பைக் கையில் எடுத்ததும் அதை மறந்துபோனேன்.

மறுபக்கத்தில் இன்னொரு துளை போட்டேன். வெளிச்சம் நுழையாதபடி வளைந்த ரியூப் வைத்தேன். அதன் முனையை உதட்டருகே பிடித்து, காஸ் பட்டும் படாமலும் வரும்வரை சிலிண்டரின் ரெகுலேற்றரைக் குறைத்தேன். பின்னேரம் நானும் கூடவே ஆற்றங்கரைக்குப் போனேன். பிலிம் போட்டு ஒரு மணித்தியாலம் காஸ் ஓடிய பிறகுதான் ரீச்சரைக் கமராவில் கைவைக்க விட்டேன்.

மறுநாள் கடை யன்னலில் நெகட்டிவைப் பிடித்தார். வால் கறுப்பாக, கூராக நின்றது.

"ஓம் அண்ணை, வந்திட்டுது!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புது வேலை வந்தால், கை பழகியதைச் செய்யும் முன், இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது வருடமாக லீக் அடைத்தவன் நான். வேண்டுமென்றே வைத்த லீக் அது ஒன்றுதான்.