எனக்காக நேர்ந்துவிட்ட கிடா

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள் நான். வில்லியனூர் கொம்யூன் வட்டாரத்தில் பாதிப் பேரை ஒற்றைக் காலில் நிற்க வைத்தவள். அப்படிப்பட்டவள் அறுபத்து நாலாவது வயதில், உறுவையாற்றில் என் சொந்த வீட்டுத் தோட்டத்தில், துணி காயப்போடும்போது விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விட்டுக்கொண்டேன். விழுந்த இடத்தில் பாசிகூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மகள் சென்னையிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள், குறையே சொல்ல முடியாது. கிளம்புகிற அன்று மட்டும் தீர்மானமாகச் சொன்னாள்: இன்னொரு தடவை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய்விட வேண்டும். அவள் இருப்பது பதினோராவது மாடி. மண்ணை மிதிக்கவே லிப்டுக்குக் காத்து நிற்கணும். ஜெயிலில்கூடத் தரையில்தான் நடக்கவிடுவார்கள்.

நடுவில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலி தாங்காமல், ஏரிக்கரை முனீஸ்வரா, என்னை என் காலில் நடக்கவிடு, உனக்கு ஒரு கிடா விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மனசுக்குள் வேண்டியிருக்கலாம். வாய்விட்டு வேண்டினேன். பக்கத்தில் என்னைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர் பக்கத்து வீட்டு ரிட்டையர்டு கண்டக்டர். நான் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்த வாரமே ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

குட்டிக்கு மஞ்சள் தண்ணி ஊற்றி, மாலை போட்டு, காதில் அடையாளம் வெட்டி விட்டோம். அன்றிலிருந்து அது சாமி சொத்து. ஆடி மாசம் பூஜை வரைக்கும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையும், யாரும் விரட்டக் கூடாது, ஒரு அடி அடிக்கக் கூடாது. அது வாழைப்பழம் தின்றது, ஊறவைத்த அரிசி தின்றது, ஒரு வீட்டில் ரேஷன் கார்டில் பாதியைத் தின்றது. தை மாசம் கொம்பு வந்தது. மாசியில் முட்டப் பழகிக்கொண்டது. அதுவும் யாரை? அறுபதைத் தாண்டினவர்களை மட்டும். வயசுப் பிள்ளைகள் எல்லாம் பைக்கில் போய்விடுகிறார்கள், நடந்து போகிறவர்கள் நாங்கள்தானே.

என் காலுக்காக நேர்ந்துவிட்டது என் காலையே குறிவைத்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? போன வழியெல்லாம் பதினோராவது மாடிதான் கண்ணில் நின்றது.

செல்போனில் தற்காப்பு வீடியோ தேடிப் பார்த்தேன். ஒரு பெண் சிரித்த முகத்தோடு, தாக்க வருகிறவன் கண்ணில் கட்டைவிரலை விட்டு அழுத்துங்கள் என்றாள். சாமி கிடா கண்ணில் விரலை விட்டால் ஊர் என்னைச் சும்மா விடுமா? பூசாரியிடம் போய்ச் சட்டம் கேட்டேன். அடிக்கக் கூடாது, திட்டலாம், விலகலாம் என்றார். திட்டுவதை நாங்கள் மாசியிலேயே ஆரம்பித்திருந்தோம். மிச்சம் இருந்தது விலகுவதுதான்.

அதனால் கிடாவைக் கவனித்தேன். வெள்ளாட்டுக் கிடா ஓடி வந்து முட்டாது. பின்னங்காலில் எழும்பும், கழுத்தைச் சாய்க்கும், அப்புறம்தான் இறங்கும். ஒண்ணு, ரெண்டு. அந்த ரெண்டுக்குள் நகர்ந்துவிட்டால் அது வெறும் காற்றைத்தான் முட்டும்.

தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணி டேங்க் பக்கத்தில் டிரில் தொடங்கியது. நான், கண்டக்டர், எழுபது வயசுப் பூக்காரம்மா. பழைய விசிலைத் தேடி எடுத்தேன். ஒரு விசில் அடித்தால் கிடா எழும்புகிறது, இரண்டு விசிலுக்குப் பக்கவாட்டில் விலகணும். பூக்காரம்மா நெற்றியில் இரண்டு விரலை வைத்துக் கிடாவாக வந்தார். நான் ஒரு விசில் அடித்தேன், கண்டக்டர் அப்படியே நின்றார். இரண்டு விசில் அடித்தேன், நேராகப் போய்ப் பூக்காரம்மா மேலேயே மோதினார். பத்து தடவை சொல்லியும் இதே கதைதான். வாழ்நாள் முழுக்க ஒரு விசிலுக்கு ஸ்டாப்பும் ரெண்டு விசிலுக்கு ரைட்டும் என்று வாழ்ந்த மனுஷன், இன்னா பண்ணுவார் பாவம். விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தேன்.

பங்குனி முடிவதற்குள் மூன்று பேரும் தேறிவிட்டோம். பூக்காரம்மா பூக்கட்டிக்கொண்டே விலகினார், ஒரு கண்ணிகூடத் தப்பாது. தவறி விழுந்தால் எழுவதற்கும் பழகினோம். பதறாமல் ஒருக்களிச்சுப் படுக்கணும், முட்டி போடணும், ஒரு காலை ஊன்றணும், அப்புறம் எழணும். கிடா எங்களைப் பார்த்தாலே சலித்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவு பெருமையடித்துவிட்டு இதையும் சொல்லித்தான் ஆகணும். சித்திரையில் ஒருநாள் அடுப்பங்கரையில், சாம்பாருக்கு உப்பு எடுக்க எட்டினபோது, என் நைட்டியை நானே மிதித்து விழுந்தேன். கிடாவிடம் தப்பித்தவள் நைட்டியிடம் தோற்றேன். சத்தம் கேட்டுக் கண்டக்டர் தோட்டத்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். அன்று சாயங்காலம் போனில் அவளிடம் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஆடி வந்தது. மகளும் பூஜைக்கு வந்தாள். கிடாவை நிறுத்தி, நேர்ந்தவள் என்பதால் என்னை எதிரில் நிற்க வைத்தார்கள். பூசாரி தலையிலிருந்து வால் வரைக்கும் தண்ணி ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அப்புறம்தான் வெட்டுவார்கள். இது சிலுப்பவில்லை. இரண்டாம் தடவை ஊற்றினார், கழுத்து மாலையைத் தின்றது. மூன்றாம் தடவை என்னையே முறைத்தது.

“டீச்சரம்மா, மனசுல இன்னாவோ வச்சினு இருக்கீங்க. அத சொல்லிடுங்க,” என்றார் பூசாரி.

ஊரே என்னைப் பார்த்தது. மகள் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிடா தீபாவளி வரைக்கும் சிலுப்பாமலே நிற்கட்டுமே என்று ஒரு நிமிஷம் வீம்பாக இருந்தேன். ஆனால் என் காலில் நடக்கவிடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் காலைப் பற்றியே பொய் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? மகளைப் பார்க்காமல் பூசாரியிடமே சொன்னேன்.

“சித்திரையில அடுப்பங்கரையில விழுந்துட்டேன். மவகிட்ட மறைச்சிட்டேன். சென்னைக்கு இட்டுனு போயிடுவாளோன்னு பயம்.”

மகள் செல்போனை இறக்கினாள். “தெரியும்மா. அன்னைக்கே கண்டக்டர் மாமா போன் பண்ணிட்டாரு.”

கண்டக்டர் பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்ப ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல என்று அவளிடம்தான் பாய்ந்தேன்.

“உன்ன இட்டுனு போகத்தாம்மா கெளம்பினேன். வர்ற வழியில அவருக்குத் திரும்பப் போன் போட்டு, யாரு தூக்கினதுன்னு கேட்டேன். யாரும் தூக்கல, நான் உள்ள போறதுக்குள்ள எழுந்து சாம்பாருக்கு உப்புப் போட்டுனு நிக்கிறாங்கன்னாரு. திண்டிவனத்துலயே காரைத் திருப்பிட்டேன்.”

கிடா எப்போது சிலுப்பியது என்று நான் பார்க்கவில்லை. ஜனங்கள் சத்தம் போட்டதுதான் காதில் விழுந்தது. நான் என் மகள் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன்.