சித்திரை மழையில் கென்யா

கென்யாவுக்கு எந்த மாதம் போனால் நல்லது என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பார்கள். ஏப்ரலில் போங்கள் என்பேன். அவர்கள் வேறு நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து, "அண்ணை, அது அடைமழைக் காலமாமே?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஓம், அடைமழைதான். அதற்காகத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பரிஸில், எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தை விட்டு, கென்யாவில் ஆசிரியராக இருந்த தன் தமையனிடம் போய்ச் சேர்ந்திருந்தாள். நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பிள்ளையை நான் கண்ணால் கண்டதில்லை. அவர்களைப் பரிஸுக்கு எடுக்க நான் கொடுத்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கியதோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் பங்குனியில் எனக்கு அகதிகளுக்கான பயணப் பத்திரம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது, கென்யாவுக்குப் போகலாம்.

மச்சான் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் புவியியல் படிப்பிக்கிற ஆள். காலநிலையைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்.

"தையும் மாசியும் நல்லம். இல்லாட்டி ஆனியிலையிருந்து புரட்டாதி மட்டும் காய்ஞ்சு கிடக்கும். அப்ப வாங்கோ, சிங்கம், வரிக்குதிரை எல்லாம் காட்டுறன். இஞ்சை இப்ப மழை துவங்கிட்டுது. றோட்டு முழுக்கச் சேறு. வந்தாலும் வீட்டுக்குள்ளை குந்தியிருக்க வேண்டியதுதான்."

பிறகு மனைவி பேசினாள். என் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால், பிள்ளை "பரிஸ் மாமா" என்கிறாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு மாமாதான். ஆனி வரை பொறுத்திருந்தால் நானும் அவர்களில் ஒருவனாகவே நிலைத்துவிடுவேன் என்று பயம் பிடித்துக்கொண்டது.

லா சப்பலில் ஒருவன் பயணம் போகிறான் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிடுவார்கள். மரக்கறிக் கடைக்காரர், "உனக்கு என்ன விசரே? கோடையிலை வக்கான்ஸ் லீவு எடுத்துக்கொண்டு போவன்" என்றார். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் குடியிருந்த ஒரு பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆப்பிரிக்காவில் இருந்தவர், என் தோளில் தட்டி, "வெயில் கொளுத்தும் தம்பி. கம்பளி கிம்பளி ஒண்ணும் வேணாம். மெல்லிசா ரெண்டு சட்டை எடுத்துக்குங்க" என்றார். அவர் இருந்தது ஜிபூத்தியில், கடலோரத்துப் பாலையில். அவர் சொன்னது அந்த இடத்துக்குச் சரி. நான் அவரை நம்பி, பார்பெஸ் சந்தையில் பிள்ளைக்குக் கையில்லாத பருத்திச் சட்டைகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே மூன்று கிழமை லீவு தந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

சித்திரையில் போய் இறங்கியதும், பூமத்திய ரேகை பக்கத்தில்தான் ஓடுகிறது என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். ஓடினால் ஓடட்டும், ஊர் இருந்தது ஏழாயிரம் அடி உயரத்தில். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் எதிரே நின்ற மலை காணாமல் போகும். பிறகு தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நான் கொண்டுபோன சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்து நின்று, "பரிஸ் மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள்.

காலையில் அவள் மச்சானின் பிள்ளைகளோடு வெளியே ஓடிவிடுவாள். நான் ஒரு பக்கம் வந்தால் அவள் மறுபக்கம் போவாள். மழை வந்தால்தான் வீட்டுக்குள் அகப்படுவாள். ஒருநாள் பின்னேரம் ஆலங்கட்டி விழுந்தது. குளிர்காய வைத்திருந்த கரி அடுப்பு குசினிக்குச் சமையலுக்குப் போய்விட்டது. பிள்ளை நான் கொண்டுவந்த கையில்லாச் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு, நடுங்கியபடி மூலையில் நின்றாள். நான் பரிஸிலிருந்து விமானத்துக்குப் போட்டு வந்த தடித்த கோட்டோடு கதிரையில் இருந்தேன். வா என்று கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று தெரியும். கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, ஒரு பக்கத்தை மெல்ல விரித்துப் பிடித்தேன்.

அவள் குசினிப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்பக்கமாகவே அடி வைத்து வந்து, என் மடியில் ஏறி இருந்துகொண்டாள். நான் கோட்டை இழுத்துப் பூட்டினேன். அவளுடைய பாதங்கள் சில்லென்று என் தொடையில் பட்டன. மூச்சை உரத்து விடவும் பயமாக இருந்தது. அழுதேன். நல்லவேளை, அவள் முகம் மறுபக்கம் இருந்தது.

அதன்பிறகு காலை வெயிலைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மச்சான், "ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போக ஏலாமல் போச்சுது" என்று மனவருத்தப்பட்டார். வரிக்குதிரையின் வாலைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனியில் வந்திருந்தால் அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போயிருப்பார், பிள்ளை இருட்டும்வரை முற்றத்தில் விளையாடியிருப்பாள்.

நான் திரும்புவதற்கு முந்தின நாளும் நல்ல மழை. மச்சான் பள்ளிக்கூடத்தால் நனைந்து வந்து குடையைச் சாத்திவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தவளிடம் குனிந்தார்.

"மாமாவுக்கும் குளிருது. நானும் உள்ளுக்கை வரட்டோ?"

"ஏலாது" என்றாள். "இது என்ர அப்பா. நீங்கள் உங்கடை வீட்டை போங்கோ."

அது அவருடைய வீடு. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே, சாத்திய குடையைத் திரும்ப எடுத்து விரித்துக்கொண்டு, வெளியே போய் மழையில் நின்றார்.