நிற்காமல் வாசிக்க வேண்டிய இடம்

பெரிய வெள்ளி ஆராதனையில் என் மூத்த மகளின் பின்னந்தலையில் சிஸ்டர் ஒருவர் கைவைத்து மெதுவாக அழுத்தினார்.

"தலையைக் குனிஞ்சு கும்பிடு மகள்."

தலை குனியவில்லை. அவள் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் முன்னால் சரித்தாள், பலகை சாய்வதுபோல. சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் தொடச் சொன்னேன். முயன்று பார்த்துச் சிரித்தாள். "வரலம்மா. பின்னால கம்பி வச்ச மாதிரி இருக்கு."

அப்போது நாங்கள் எல்கடுவைக்கு மேலே தேயிலைத் தோட்டக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் அங்கே தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கர். என் தாய்மாமன் மகன்தான். நான் மாத்தளை டவுனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தேன். மூத்தவளுக்குக் கீழே ஒரு தங்கை.

அதன்பிறகு மூத்தவளைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் எழும்பும்போதே தலைவலி என்பாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லியனுப்பினார். அவள் பேச்சுச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் நன்றாக நடந்தாள். மேட்டில்கூடத் தயங்காமல் ஏறினாள். பயப்பட வேண்டியது எதுவென்று அதனாலேயே எங்களுக்குப் பிடிபடவில்லை.

கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். தமிழ் பேசும் முஸ்லிம் பெண். மகளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். இலக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மூன்றாம் முறை ஊதியபோது அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பிள்ளை நடந்தா வந்தா?"

"பஸ்ஸ விட்டு எறங்கி நடந்துதான் வந்தா டொக்டர்."

"நடக்குற பிள்ளைக்கு மூச்சு இவ்வளவு குறையக்கூடாதே."

அவள் இரத்தம் மரபணுச் சோதனைக்கு வெளிநாட்டுக்குப் போனது. முடிவு வரும்வரை மலையில் மழையும் பனிமூட்டமும் விடவேயில்லை. தினமும் அவளை எழுப்பப் போகும்போது, கூப்பிடுவதற்கு முன் அவள் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

முடிவு வந்த அன்று டொக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், கலம் புரதம் செய்யிறப்போ யூ-ஜீ-ஏ என்ற எழுத்துக்கள் வந்தா என்ன நடக்கும்?"

"நிறுத்தம். புரதம் அதோட முடிஞ்சிரும்."

"செலனியம் சேர்ற புரதங்கள்ல அது நிறுத்தம் இல்ல."

அவர் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். கலத்துக்குள் புரதம் கோக்கும் இறைபோசோம், மரபணுவிலிருந்து வரும் செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டு போகிறது. சில செய்திகளின் கடைசிப் பகுதியில் மட்டும் கொண்டை ஊசிபோல ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு உதவிப் புரதங்கள் சில வேலை செய்யும். அவை இருந்தால், நிற்க வேண்டிய அந்த மூன்றெழுத்தில் இறைபோசோம் நிற்காது. செலனியம் கொண்ட அமினோ அமிலம் ஒன்றை அங்கே வைத்துவிட்டுத் தொடரும். தசைக்கு வேண்டிய ஒரு புரதம் இப்படித்தான் உண்டாகிறது. என் மகளின் அந்த மடிப்பில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அதனால் மடிப்பு சரியாக விழவில்லை. கலம் நிறுத்தத்தை நிறுத்தமாகவே வாசித்து, புரதத்தைப் பாதியில் விட்டுவிட்டது. கால்கள் நன்றாக இருக்கும்போதே கழுத்தும் முதுகும் இறுகி, மூச்சுத் தசைகள் தளர்ந்தது அதனால்தான்.

"செலனியம் மாத்திரை குடுத்தா சரியாகாதா?"

"செலனியம் அவ உடம்புல இருக்கு டீச்சர். அத எங்க வைக்கிறதுன்னுதான் கலத்துக்குத் தெரியல." ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி, "உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு. சின்னவளையும் பாத்துருவோம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அக்குறணை தாண்டித்தான் வாய் திறந்தார். "சின்னவள விட்டுரு. நல்லாத்தானே ஓடித் திரியிறா. தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

"மூத்தவளும் நல்லாத்தானே நடந்தா" என்றேன்.



மூத்தவளுக்கு மூச்சு இயந்திரம் வந்தது. தூங்கும்போது மூக்கில் மாஸ்க். இரண்டு வாரத்தில் தலைவலி நின்றது. வகுப்பில் தூங்குவதும் நின்றது. ஆனால் தோட்டத்தில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். அதனால் டவுனில் ஒரு வீடு பார்த்து இறங்கினோம். கணவர் காலை பஸ்ஸில் மலைக்குப் போய்வந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அங்கிருந்து போன் பண்ணி, "கரண்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு நாள் அவர் லீவு போட்டுவிட்டுச் சின்னவள் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "கண்டிக்கு" என்றார். அவள் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு பலூனும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தார்.

சின்னவளுக்கும் அதேதான் என்று முடிவு வந்தது.

அவளுக்கு இப்போது ஆறு வயது. கொய்யா மரத்தில் ஏறுகிறாள், பஸ்ஸுக்கு எங்களை முந்தி ஓடுகிறாள். கடந்த ஞாயிறு, அக்காவின் மாஸ்க்கைக் கழுவி வெயிலில் வைத்திருந்தேன். அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"எனக்கு எப்ப?"

"இப்ப வேணாம்மா."

"அப்ப எப்ப?"

அவர் மாஸ்க்கை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடி கழுவுவதற்கு உள்ளே கொண்டுபோனார்.